வழவழப்பை முதலிலேயே கழுவு: செம்பருத்தி இலையில் டி.என்.ஏ. எடுத்த ஏழு வாரம்

பைப்பெட்டின் முனையை டியூபிலிருந்து தூக்கினேன். கூடவே ஒரு நூலும் வந்தது. ஒரு சாண் உயரம் தூக்கியும் அறுபடவில்லை. முனைக்கும் டியூபுக்கும் நடுவே மெல்லிய பழுப்பு இழை ஒன்று தொங்கியது. அதன் நடுவில் சின்னத் துளி ஒன்று திரண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. 2 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் உண்மையில் எவ்வளவு வந்தது என்று சொல்லவே முடியாது. செம்பருத்தி இலையிலிருந்து நான் முதன்முதலில் எடுத்த டி.என்.ஏ. இப்படித்தான் இருந்தது.

அதைச் சரிசெய்ய ஏழு வாரம் ஆனது. இதே மாதிரி இலைகளோடு யாராவது போராடிக்கொண்டிருந்தால் உதவும் என்று ஆய்வக நோட்டில் இருப்பதை இங்கே எழுதுகிறேன். சரியாக வந்த முறையை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் எது ஏன் சரிவரவில்லை என்று தெரியாமல் அந்த அரைப் பக்கத்தைப் பின்பற்றினால், வேறொரு செடிக்குப் போகும்போது மறுபடி முதல் படியிலேயே நிற்க வேண்டி வரும்.

வேலை இதுதான். செம்பருத்தியில் சிவப்புப் பூ பூக்கும் செடியும் வெள்ளைப் பூ பூக்கும் செடியும் உண்டு. இதழின் சிவப்பு, ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது. அந்த நிறமி உருவாகும் பாதையின் வாசலில் நிற்கும் நொதி சால்கோன் சின்தேஸ். ஒரு கூமரோயில் கோ-ஏ மூலக்கூறோடு மூன்று மலோனில் கோ-ஏ மூலக்கூறுகளைக் கோத்து நரிஞ்செனின் சால்கோனை அது உருவாக்குகிறது. இந்த நொதி வேலை செய்யாவிட்டால் அதற்கு அப்பால் எதுவும் நடக்காது. 1990-இல் நப்போலி, லெமியூ, ஜார்கென்சன் மூவரும் பெட்டூனியாச் செடியில் இந்த நொதிக்கான ஜீனின் கூடுதல் பிரதியை நுழைத்தார்கள். நிறம் அடர்த்தியாகும் என்று எதிர்பார்த்த இடத்தில் சில செடிகளின் பூக்கள் வெளுத்தே போயின. ஆர்.என்.ஏ. வழியாக ஜீன்கள் அடங்கிப்போவதைப் புரிந்துகொள்ள வழி திறந்த முக்கியமான சோதனைகளில் அதுவும் ஒன்று. அதைப் படித்த நாளிலிருந்தே எனக்கு இந்த ஜீன் மேல் ஓர் ஆசை.

என் கேள்வி சின்னது. வெள்ளைப் பூச் செடியில் அந்த ஜீன் இருக்கிறதா, முழு நீளத்துக்கு இருக்கிறதா? இதற்கு இதழ் வேண்டியதில்லை. ஒரு செடியின் எல்லாச் செல்களிலும் இருப்பது அடிப்படையில் ஒரே ஜீனோம்தான். இலை எப்போதும் கிடைக்கும். அதனால் இலையை எடுத்தேன்.

செம்பருத்தி என்ற பெயரிலேயே பருத்தி இருக்கிறது. பருத்தி, வெண்டை, செம்பருத்தி எல்லாம் மால்வேசியே என்ற ஒரே குடும்பம். இலையைக் கசக்கினால் விரலெல்லாம் வழவழவென்று ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த வழவழப்பு ராம்னோஸ், காலக்டோஸ், காலக்டுரோனிக் அமிலம், குளுக்குரோனிக் அமிலம் ஆகியவை கோத்த நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அமிலங்கள் இருப்பதால் அதன்மேல் எதிர்மின்சுமை இருக்கும். டி.என்.ஏ.வும் நீளமானது, எதிர்மின்சுமை கொண்டது, நீரில் கரைவது, ஆல்கஹால் சேர்த்தால் வீழ்படிவாவது. இந்த நான்கு குணமும் வழவழப்புக்கும் உண்டு. டி.என்.ஏ.வைப் பிரிக்க நாம் செய்யும் ஒவ்வொரு படியிலும் இதுவும் கூடவே ஓடி வரும். முதல் நாளே இதை உட்கார்ந்து யோசித்திருந்தால் பல வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதல் முயற்சி வழக்கமான சி-டாப் முறை. 1980-இல் மரே, தாம்சன் இருவரும் வெளியிட்டு, 1987-இல் டாயில் என்ற பெயர் கொண்ட இருவரும் சிறிய அளவுப் பச்சை இலைக்கு ஏற்றபடி சுருக்கிய முறை. தாவர ஆய்வகங்களில் பெரும்பாலும் இதன் ஏதாவது ஒரு வடிவம்தான் புழங்குகிறது. பஃபரில் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) 2 சதவீதம் சி-டாப், 1.4 மோலார் உப்பு, 100 மில்லிமோலார் டிரிஸ் பி.எச். 8.0, 20 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 1 சதவீதம் பி.வி.பி., கடைசியில் பீட்டா-மெர்காப்டோ எத்தனால். சி-டாப் நேர்மின்சுமை கொண்ட ஒரு சோப்பு என்று வைத்துக்கொள்ளலாம். செல் சவ்வைக் கரைக்கும். உப்பு அதிகமாக இருக்கும்வரை டி.என்.ஏ.வோடு ஒட்டாது. உப்பு 0.5 மோலார் பக்கம் இறங்கினால் இரண்டும் சேர்ந்து வீழ்படிவாகிவிடும். அதனால்தான் 1.4 மோலார்.

இலையைத் திரவ நைட்ரஜனில் அரைத்து, 65 டிகிரியில் 45 நிமிடம் வைத்து, குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24-க்கு 1 கலந்த கலவையைச் சேர்த்துக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினேன். மேலே நிற்கும் நீரை எடுத்து ஐசோபுரோப்பனால் விட்டேன். உடனே பெரிய வெள்ளை மேகம். அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். சுற்றி எடுத்தால் டியூபின் அடியில் மிளகு அளவுக்குப் பழுப்புக் கட்டி. கரைக்க டி.இ. பஃபர் விட்டு இரவு முழுக்க வைத்தேன். காலையில் கரைந்திருக்கவில்லை, ஊறி உப்பியிருந்தது.

ஒளி உறிஞ்சுவதை வைத்து டி.என்.ஏ. அளவைக் கணிக்கும் நானோடிராப் கருவியில் மைக்ரோலிட்டருக்கு 1,900 நானோகிராமுக்கு மேல் காட்டியது. 260, 230 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம், அதாவது 260/230 விகிதம், 0.6. இது 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 230-இல் உறிஞ்சும் வேறு எதுவோ நிறைய இருக்கிறது என்று அர்த்தம். டி.என்.ஏ.வை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால், மாதிரியை விட்ட குழியிலேயே ஒளிரும் கறை தங்கிவிட்டது. கீழே ஆர்.என்.ஏ.வின் மங்கலான பரவல். நடுவில் ஒன்றும் இல்லை. ஜீனின் துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். வினையும் வெறுமை. நான்கு செடி, நான்கு வெறுமை.

அடுத்து ஒரு வணிகக் கிட் வாங்கி முயன்றேன். சிலிக்கா சவ்வு வைத்த குழல் வழவழப்பில் அடைத்துக்கொண்டது. இரண்டு தரம் சுற்றியும் திரவம் மேலேயே நின்றது. கிட்டின் மேல் தப்பில்லை, இந்த இலைக்கு அது பொருந்தவில்லை.

மூன்றாவது வாரம் வரை நான் செய்ததெல்லாம் பி.சி.ஆர். நிபந்தனைகளை மாற்றுவதுதான். ஒட்டும் வெப்பநிலையை 50-இலிருந்து 60 வரை மாற்றினேன். மெக்னீசியத்தைக் கூட்டினேன். சுழற்சியை 30-இலிருந்து 40 ஆக்கினேன். இப்போது நினைத்தால் அந்தப் பத்து நாள் மனத்தை உறுத்துகிறது.

ஜெல் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து மேசை அக்கா வந்து பார்த்தார். அவர் என்னைவிட மூன்று வருடம் மூத்த ஆய்வாளர்.

"தம்பி, இதுல டி.என்.ஏ. இல்லையா? இல்ல, இருந்தும் வேலை செய்யலையா?"

"தெரியலை அக்கா."

"அப்ப அதை முதல்ல பிரி. அது தெரியாம எத்தனை மாத்தினாலும் குருட்டாம்போக்குதான்."

அவர் சொன்னபடி அன்றைக்கே செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதற்கு அரை நாள்தான் ஆகும், செலவும் மிகக் குறைவு. பலர் இதைச் செய்யாமலேயே வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

முதலில் ஜீனை மாற்றினேன். சால்கோன் சின்தேஸ் உட்கருவில் இருப்பது, ஒரு செல்லில் அதன் பிரதிகள் கொஞ்சம்தான். அதற்குப் பதில் ஆர்.பி.சி.எல். என்ற ஜீனை எடுத்தேன். ரூபிஸ்கோ நொதியின் பெரிய துணை அலகுக்கான ஜீன் அது, பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வில் இருக்கிறது. ஓர் இலைச் செல்லில் நிறையப் பசுங்கணிகங்கள், ஒவ்வொன்றிலும் நிறைய ஜீனோம் பிரதிகள். ஆக ஒரே செல்லில் ஆயிரக்கணக்கான பிரதிகள். 2009-இல் தாவரங்களுக்கான டி.என்.ஏ. பார்கோடாகப் பரிந்துரைக்கப்பட்ட இரண்டு பகுதிகளில் இதுவும் ஒன்று என்பதால், நிலத் தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பிரைமர் சோடி (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) போதும். சுமார் 600 கார இணை (டி.என்.ஏ.வின் எழுத்துச் சோடி) நீளத் துண்டு வரும். இதுவும் வரவில்லையென்றால் ஜீன் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

அப்புறம் ஆய்வகத்தில் ஏற்கெனவே நன்றாக வேலை செய்துகொண்டிருந்த, அராபிடோப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் டி.என்.ஏ.வை எடுத்து ஐந்து டியூப் வைத்தேன். எல்லாவற்றிலும் அதே அராபிடோப்சிஸ், அதே பிரைமர். முதல் டியூபில் கூடுதலாக 1 மைக்ரோலிட்டர் டி.இ. பஃபர் மட்டும். இரண்டாவதில் 1 மைக்ரோலிட்டர் செம்பருத்தி மாதிரி. மூன்றாவதில் அதையே 10 மடங்கு நீர்த்தது, நான்காவதில் 100 மடங்கு நீர்த்தது. ஐந்தாவதில் நீர்க்காத மாதிரியோடு மாட்டு சீரம் ஆல்புமின். இரண்டு செடியும் ஒரே நீளத் துண்டைத்தான் தரும், யாருடையது என்று பிரிக்க முடியாது. ஆனால் இங்கே கேள்வி அது இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வினை நிற்கிறதா என்பதே கேள்வி.

நின்றது. முதல் டியூபில் தடித்த பட்டை. இரண்டாவதில் சுத்தமாக ஒன்றுமில்லை. மூன்றாவதில் உற்றுப் பார்த்தால் தெரியும் கோடு. நான்காவதில் மறுபடி முழுப் பட்டை. ஆல்புமின் சேர்த்ததில் மங்கலாக ஒன்று. ஒரே ஒரு மைக்ரோலிட்டர் செம்பருத்திச் சாறு, நன்றாக ஓடும் வினையை அப்படியே அணைத்துவிட்டது. அமிலத் தன்மை கொண்ட பாலிசாக்கரைடுகள், அதாவது நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள், பி.சி.ஆர்.-ஐத் தடுக்கும். ஸ்டார்ச் போன்ற நடுநிலைச் சர்க்கரைகள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. இலையில் இருக்கும் பாலிஃபீனால் என்ற சேர்மங்களும் பி.சி.ஆர். நொதியோடு ஒட்டிக்கொள்ளும். என் டியூபில் இரண்டும் இருந்தன.

சரி, நீர்த்துப் பயன்படுத்தினால் போதாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 100 மடங்கு நீர்த்த செம்பருத்தியைத் தனியாக வைத்து ஓட்டினேன். ஆர்.பி.சி.எல். வந்தது, சால்கோன் சின்தேஸ் வரவில்லை. அதற்கும் காரணம் அன்று மாலையே தெரிந்தது. இரட்டை இழை டி.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டி ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் குயூபிட் கருவியில் அதே மாதிரியை வைத்தேன். மைக்ரோலிட்டருக்கு 38 நானோகிராம். நானோடிராப் காட்டிய 1,900 எங்கே, இது எங்கே! 260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் எதையும் நானோடிராப் சேர்த்து எண்ணிவிடும். ஆர்.என்.ஏ., பாலிஃபீனால், கலங்கல் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருந்தன. 38-ஐ 100 மடங்கு நீர்த்தால் மிஞ்சுவது 0.4 நானோகிராம்கூட இல்லை. ஆயிரம் பிரதி உள்ள ஜீனுக்கு அது போதும். இரண்டு, மூன்று பிரதி உள்ளதற்குப் போதாது.

அப்போது முடிவு செய்தேன், பி.சி.ஆர். பக்கம் இனிப் போகக் கூடாது, மாதிரியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று.

முதலில், எடுத்துவைத்த டி.என்.ஏ.வையே சுத்தம் செய்யப் பார்த்தேன். ஆல்கஹால் சேர்க்குமுன் மாதிரியில் உப்பு 1 மோலார் அளவுக்கு இருந்தால் டி.என்.ஏ. வீழ்படிவாகும், பாலிசாக்கரைடுகள் பெரும்பகுதி கரைசலிலேயே நின்றுவிடும். 100 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு 5 மோலார் உப்புக் கரைசல் 25 மைக்ரோலிட்டர் சேர்த்தால் கணக்கு சரியாக வரும். பிறகு இரண்டு மடங்கு எத்தனால். இது நல்ல வழிதான், பலன் தெரிந்தது. 260/230 விகிதம் 0.6-இலிருந்து 1.3 ஆனது. ஆனால் ஏற்கெனவே உப்பி நிற்கும் கூழுக்குள் டி.என்.ஏ. சிக்கிக்கிடந்தது. கூழை விட்டால் டி.என்.ஏ. கொஞ்சம் போகும், டி.என்.ஏ.வை விடாமல் பிடித்தால் கூழும் கொஞ்சம் வரும். மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்ததில் ஜெல்லில் மேலே ஒரே பட்டையாக நிற்க வேண்டியது கீழ்நோக்கிப் புகையாக இழுபட்டது. இழைகள் உடைந்துவிட்டன.

பழுப்பு நிறமோ கொஞ்சமும் குறையவில்லை. இலை உடையும்போது பாலிஃபீனால்களும் அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதியும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. உருவாகும் குயினோன்கள் புரதத்தோடும் டி.என்.ஏ.வோடும் வலுவாகப் பிணைந்துவிடும். பிணைந்தபின் கழுவிப் பிரிக்க வழி கிடையாது. அழுக்கு ஒட்டுவதற்கு முன்பே அதை வெளியேற்றியாக வேண்டும். டி.என்.ஏ. உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கும்போதே வழவழப்பையும் ஃபீனால்களையும் கழுவி ஊற்றிவிட வேண்டும். அப்புறம்தான் உட்கருவை உடைக்க வேண்டும்.

இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது, சார்பிட்டால் முன்கழுவல். கழுவும் பஃபரில் சோப்பு எதுவும் கிடையாது. 0.35 மோலார் சார்பிட்டால், 100 மில்லிமோலார் டிரிஸ் பி.எச். 8.0, 5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 1 சதவீதம் பி.வி.பி., பயன்படுத்தும் நேரத்தில் 1 சதவீதம் பீட்டா-மெர்காப்டோ எத்தனால். சோப்பு இல்லாததால் உட்கருவின் சவ்வு கரையாது. சார்பிட்டால் வெளியே ஊடுபரவல் அழுத்தத்தைச் சமன்செய்வதால் உட்கரு நீரை உறிஞ்சி வெடிக்காது. நீரில் கரையும் சர்க்கரைச் சங்கிலிகளோ பஃபரில் கரைந்து வெளியே வந்துவிடும். பி.வி.பி. ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும். மெர்காப்டோ எத்தனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும்.

முதல் தரம் செய்தபோது இரண்டு தவறு நடந்தது. அரைத்த பொடியை டியூபில் போட்டுவிட்டு பஃபரை எடுக்கத் திரும்பினேன். ஒரு நிமிடம் இருக்கும். பொடி உருகி, வெளிர் பச்சையாக இருந்தது ஓரங்களில் செங்கல் நிறமாக மாறிவிட்டது. நடுவில் பச்சை, சுற்றிலும் பழுப்பு வளையம், கண் முன்னாலேயே அகலமாகிக்கொண்டே போனது. அதற்கப்புறம் நான் பஃபரை முதலில் டியூபில் ஊற்றிவைத்துவிட்டு, உறைந்த பொடியை அதன்மேல் கொட்டுகிறேன். பொடி உருகுவதே பஃபருக்குள்தான்.

இரண்டாவது தவறு சென்ட்ரிஃப்யூஜில். எல்லாவற்றையும் குளிரில் வைப்பது நல்லது என்ற பழக்கத்தில், சி-டாப் சேர்த்த பிறகு 4 டிகிரியில் சுற்றினேன். எடுத்துப் பார்த்தால் டியூப் முழுக்க வெள்ளைப் படிகங்கள். 15 டிகிரிக்குக் கீழே சி-டாப் தானாகவே உறைந்து வீழ்படிவாகும். கழுவும் வரை குளிர் இருக்கலாம், சி-டாப் தொட்ட பின் அறை வெப்பம்தான்.

இனி கழுவல் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 100 மில்லிகிராம் பொடிக்கு 1 மில்லிலிட்டர் பஃபர். டியூபைக் கையில் பிடித்து இருபது தரம் கவிழ்த்து நிமிர்த்தினேன். அடித்துக் குலுக்கவே கூடாது, உட்கரு உடைந்தால் எல்லாம் வீண். 3,000 ஜி விசையில் 5 நிமிடம் சுற்றினேன். மேலே நின்ற நீர் கெட்டியாக, மங்கலான பச்சையில் இருந்தது. டியூபைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி வழியவில்லை. ஒரே கட்டியாக நகர்ந்து, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, நீண்ட நாக்காகத் தொங்கிக் கீழே விழுந்தது. என் முதல் பெல்லட்டை, அதாவது டியூபின் அடியில் படிந்த அந்தக் கட்டியை, ஊறவைத்து உப்ப வைத்தது இதுதான். இத்தனையும் அன்றைக்கு என் டி.என்.ஏ.வோடு இருந்திருக்கிறது.

மறுபடி 1 மில்லிலிட்டர் விட்டு, அடியில் இருந்ததை மெல்லக் கலக்கி, சுற்றினேன். இரண்டாவது நீர் இழைவிட்டது, ஆனால் இழை அரை விரல் நீளத்திலேயே அறுந்தது. மூன்றாவது நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சொட்டாக விழுவதுதான் அடையாளம். எத்தனை தரம் கழுவ வேண்டும் என்று எழுதிவைத்த எண்ணை நம்ப வேண்டாம், சொட்டு விழும்வரை கழுவ வேண்டும். இளம் இலைக்கு இரண்டு போதுமானதாக இருந்தது, முற்றிய இலைக்கு நான்கு தேவைப்பட்டது. செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, காலையில் நுனித் தளிருக்கு அடுத்த இலையைப் பறித்தால் இலையில் சேர்ந்திருக்கும் ஸ்டார்ச்சும் குறைந்திருக்கும்.

மூன்றாவது கழுவலுக்குப் பிறகு 65 டிகிரிக்குச் சூடாக்கிய சி-டாப் பஃபர் 700 மைக்ரோலிட்டர். ஆர்.என்.ஏ.-ஸ் நொதியையும் இங்கேயே சேர்த்துவிட்டேன். கடைசியில் சேர்த்தால் அந்த நொதியும் மாதிரியிலேயே தங்கிவிடும். இங்கே சேர்த்தால் குளோரோஃபார்ம் அதையும் மற்றப் புரதங்களோடு ஒதுக்கிவிடும். 45 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மெல்லக் கவிழ்த்தல். பிறகு சம அளவு குளோரோஃபார்ம் கலவை, சுற்றல், மேல் நீரை முனை வெட்டிய அகலவாய் பைப்பெட் முனையால் எடுத்தல். இதை இரண்டு தரம். நடுப்படலத்தைத் தொடாமல் எடுக்க வேண்டும். 500 மைக்ரோலிட்டர் வருமென்றால் 400-இலேயே நிறுத்திக்கொள்கிறேன். ஆசைப்பட்டு எடுக்கும் கடைசி 100-இல்தான் அழுக்கு இருக்கிறது.

இந்த வேலை முழுவதும், ஆவியை வெளியே இழுத்துவிடும் ஃப்யூம் ஹுட்டுக்குள். மெர்காப்டோ எத்தனாலின் நாற்றம் ஒருபுறம், நச்சு இன்னொருபுறம். ஒரு விஷயத்தை முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாம் போடும் நைட்ரைல் கையுறை குளோரோஃபார்மை அதிக நேரம் தாங்காது, சீக்கிரமே ஊடுருவிவிடும். மேலே சிந்தினால் துடைத்துவிட்டுத் தொடரக் கூடாது. உடனே கழற்றிப் புதிதாகப் போட வேண்டும்.

0.7 மடங்கு ஐசோபுரோப்பனால் விட்டேன். மேகம் வரவில்லை. டியூபை விளக்குக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்தபோது, நடுவில் பஞ்சு நூல் மாதிரி ஏதோ ஒன்று சுருண்டு சுருண்டு திரண்டது. ஒரே ஓர் இழைக் கொத்து, நிறமே இல்லாமல். சுற்றி எடுத்தபோது டியூபின் அடியில் ஒன்றும் தெரியவில்லை. பயந்துவிட்டேன். அக்காதான் டியூபைக் கறுப்புத் தாளின் மேல் சாய்த்துக் காட்டினார். கண்ணாடித் துகள் போல ஒரு சின்ன ஒட்டு. 70 சதவீத எத்தனாலில் இரண்டு தரம் கழுவி, காற்றில் பத்து நிமிடம் உலர விட்டு, 50 மைக்ரோலிட்டர் டி.இ.-யில் கரைத்தேன். அரை மணியில் முழுக்கக் கரைந்தது. பைப்பெட் முனையைத் தூக்கினேன். நூல் வரவில்லை.

நானோடிராப் 165, குயூபிட் 140. இரண்டு கருவியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைச் சொன்னதுதான் எனக்கு அன்றைய பெரிய மகிழ்ச்சி. 260/280 விகிதம் 1.84, 260/230 விகிதம் 2.05. நோட்டில் முதல் வாரப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மிளகு அளவுக் கட்டியில் 38, கண்ணுக்கே தெரியாத ஒட்டில் 140. பெல்லட் சிறுக்கச் சிறுக்க டி.என்.ஏ. கூடியிருக்கிறது. முன்பெல்லாம் டியூபின் அடியைப் பார்த்ததும் அளவைக் கணித்துவிடுவேன். இப்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில், மேலே, 23 ஆயிரம் இணை அளவுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஒரே இறுக்கமான பட்டை. குழி சுத்தமாக இருந்தது. கீழே ஆர்.என்.ஏ. இல்லை.

பி.சி.ஆர்.-க்குப் போகுமுன் அந்த அணைப்புச் சோதனையை மறுபடி செய்தேன். அராபிடோப்சிஸ் வினையில் 1 மைக்ரோலிட்டர் புதிய செம்பருத்தி மாதிரி, நீர்க்காமல். பட்டை துளியும் மங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் எந்தப் புதிய செடியிலிருந்து டி.என்.ஏ. எடுத்தாலும் இந்தச் சோதனை ஒன்று செய்கிறோம். விகிதங்கள் சரியாக இருந்தும் வினையை அணைக்கும் மாதிரிகள் உண்டு. ஏனென்றால் பாலிசாக்கரைடுகள் 260-இலும் 280-இலும் பெரிதாக உறிஞ்சுவதில்லை. விகிதத்துக்குத் தெரியாதது பி.சி.ஆர்.-இல் வேலை செய்யும் டாக் நொதிக்குத் தெரிந்துவிடும்.

ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை, சிவப்புப் பூச் செடி இரண்டு, வெள்ளைப் பூச் செடி இரண்டு, நீர் மட்டும் வைத்தது ஒன்று என்று ஐந்து டியூபில் சால்கோன் சின்தேஸ் பிரைமர்களோடு ஓட்டினேன். இந்தப் புரதத்துக்கான குறியீட்டுப் பகுதி ஏறக்குறைய 1,200 இணை நீளம். நடுவே உள்ள, புரதத்துக்குக் குறியீடு தராத இன்ட்ரான் பகுதியும் சேர்வதால் துண்டு அதைவிட நீளமாக வரும். நான்கு செடியிலும் பட்டை வந்தது, நான்கும் ஒரே உயரத்தில். நீர் வைத்த டியூப் வெறுமை. ஆக, வெள்ளைப் பூச் செடியில் ஜீன் இருக்கிறது, வெளியே தெரியும் அளவுக்கு நீளமும் குறையவில்லை. ஜீனே தொலைந்துபோனதால் பூ வெளுத்தது என்ற எளிய விளக்கம் இனிப் பொருந்தாது. ஓர் எழுத்து மாறியிருக்கலாம், ஜீன் அடங்கிக் கிடக்கலாம், பாதையில் வேறொரு நொதி வேலை செய்யாமல் போயிருக்கலாம்.

துண்டுகளை நேரடியாக வரிசைப்படுத்தப் போவதில்லை. செம்பருத்தி பலமடங்கு குரோமோசோம் கொண்ட செடி. ஒரே ஜீனின் பல வடிவங்கள் கலந்து வரும், வரைபடத்தில் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிக்கவே முடியாது. முதலில் பிளாஸ்மிட் என்ற பாக்டீரிய வளைய டி.என்.ஏ.வில் வைத்துக் குளோன் செய்து, ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அந்த வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. நான்கு டியூபும் மைனஸ் 20 டிகிரிப் பெட்டியில் இருக்கின்றன. பக்கத்திலேயே முதல் வாரத்துப் பழுப்பு மாதிரியையும் வைத்திருக்கிறேன். அணைப்புச் சோதனையை யாருக்காவது கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.